ஹெல்மெட்டுக்குள் ஒரு கரப்பான்

கட்டட வேலைகளை மேற்பார்வை பார்க்கும் ஒருவர், நாற்பதைத் தாண்டியவர், மனைவியோடு, பயங்களுக்குச் சிகிச்சை தரும் எங்கள் கிளினிக்குக்கு என்னைப் பார்க்க வந்திருந்தார். பேச்சை ஆரம்பித்தது மனைவிதான். "சைட்ல பாம்பு வந்தா இவருதான் மேடம் கம்பெடுத்துட்டுப் போவாரு. வீட்ல கரப்பான்பூச்சி வந்தா கட்டில் மேல ஏறி நிக்கிறாரு."

அவர் சிரிக்கவில்லை. மூன்று மாதத்துக்கு முன்னால் பைக்கில் போய்க்கொண்டிருந்தபோது ஹெல்மெட்டுக்குள் ஏதோ நெற்றியில் ஊர்ந்திருக்கிறது. ஒரு கையால் கழற்றப் போய், வண்டியோடு சாலையோர மணலில் விழுந்துவிட்டார். முழங்கையில் தையல். அன்றிலிருந்து ஹெல்மெட் போடுவதையே விட்டுவிட்டார். மனைவி அவரை இழுத்துவந்ததற்குக் காரணம் கட்டில் அல்ல, இதுதான். (ஆள் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

"அது உங்களை என்ன செய்துவிடும்?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் பண்ணாது மேடம், தெரியும். ஆனா மேல பட்டா..." சொல்லிக்கொண்டே வலது கையைப் பேன்ட்டில் தேய்த்துத் துடைத்துக்கொண்டார்.

நாய்க்குப் பயப்படுகிறவர்கள் நாயைப் பற்றிப் பேசும்போது உடம்பைப் பின்னுக்கு இழுத்துக்கொள்வார்கள், கையைத் துடைக்க மாட்டார்கள். கரப்பானைப் பற்றிப் பேசுகிறவர்களில் பலர் துடைக்கிறார்கள். சிலர் தோளைத் தட்டிவிட்டுக்கொள்கிறார்கள். வாயால் பயம் என்று சொன்னாலும், அவர்கள் உடம்பு சொல்வது அருவருப்பு. பயந்தவருக்குத் தப்பித்தால் போதும். அருவருத்தவருக்குத் தன்மேல் ஒட்டியதைப் போக்கியாக வேண்டும்.

இதை அழகாகக் காட்டிய சோதனை ஒன்று உண்டு. அமெரிக்க உளவியலாளர் பால் ரோசினும் அவருடைய சகாக்களும் 1986ல் வெளியிட்டது. கிருமி நீக்கிய செத்த கரப்பான் ஒன்றைப் பழச்சாற்றில் தொட்டு எடுத்தார்கள். கிருமி எதுவும் இல்லை என்று சொல்லியும் அந்தச் சாற்றைக் குடிக்க ஆட்களுக்கு மனம் வரவில்லை. இதனால்தான் "அது கடிக்காதுப்பா, ஒண்ணும் பண்ணாதுப்பா" என்று வீட்டில் சொல்லும் சமாதானம் எடுபடுவதில்லை. அவர்களுக்கும் அது தெரியும்.

சரி, இந்த அருவருப்பு எல்லா ஊரிலும் ஒரே மாதிரியா? பிரிட்டிஷ் உளவியலாளர் கிரஹாம் டேவியின் குழு 1998ல் இந்தியா, ஜப்பான், இங்கிலாந்து உட்பட ஏழு இடங்களில் விலங்குப் பயங்களை ஒப்பிட்டுப் பார்த்தது. கரப்பான் மாதிரியான அருவருப்புப் பிராணிகள் எல்லா இடத்திலும் ஒரே கூட்டமாகத்தான் வந்து நின்றன. அளவுதான் மாறியது. ஜப்பானியர்களிடம் கூடுதல், இந்தியர்களிடம் குறைவு. அதே ஜப்பானில் 2021ல் வெளியான இன்னொரு ஆய்வு சுமார் 13,000 பேரைக் கேட்டது. ஒரே பூச்சியை வெளியில் பார்ப்பதைவிட வீட்டுக்குள் பார்க்கும்போது அருவருப்பு கூடுகிறது என்பது அதில் தெரியவந்தது. தோட்டத்தில் ஓடினால் பூச்சி, சோற்றுப் பானையருகே ஓடினால் கரப்பான் என்று நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

போதாததற்கு அது ஓடும் விதம். பின்புறம் நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு கொம்புகளிலுள்ள மயிர்கள், நம் செருப்பு தள்ளும் காற்றையே உணர்ந்துவிடும். செருப்பு இறங்கும் முன் அது திரும்பியிருக்கும். நம் வீடுகளில் காணும் பெரிய செங்கபில நிறக் கரப்பான் நொடிக்கு ஒன்றரை மீட்டர் வரை ஓடும். 3 மில்லிமீட்டர் இடுக்கில்கூட உடம்பைத் தட்டையாக்கி நுழைந்துவிடும். கரத்தல் என்றால் தமிழில் ஒளிதல். கரப்பு என்ற பெயர் அதற்குப் பொருத்தமாகத்தான் வாய்த்திருக்கிறது. அடுத்து எங்கே தலைகாட்டும் என்று தெரியாத ஒன்றோடு எப்படித் தூங்குவது?

என்னிடம் வருகிறவர்கள் கடைசியாகச் சொல்வது வெட்கத்தைப் பற்றி. விருந்தாளி முன்னால் ஒரு கரப்பான் ஓடினால் போதும், வீட்டுக்காரம்மாவின் முகம் செத்துவிடும். "பக்கத்து ஃபிளாட்லருந்து வருது" என்பார்கள். பல சமயம் உண்மையாகவும் இருக்கும். ஆனால் நாடுகளும் இதைத்தான் செய்திருக்கின்றன. சின்னதாக, பழுப்பாக இருக்கும் சமையலறைக் கரப்பானுக்கு 1767ல், உயிரினங்களுக்கு அறிவியல் பெயர் சூட்டிய லின்னேயஸ் ஜெர்மனியின் பெயரை வைத்தார். ரஷ்யர்கள் அதைப் 'புருசாக்', அதாவது பிரஷ்யாக்காரன் (பிரஷ்யா என்பது பழைய ஜெர்மானிய அரசு) என்றார்கள். ஜெர்மனியின் சில பகுதிகளில் அதையே ரஷ்யன் என்றார்கள். 2024ல் வந்த மரபணு ஆய்வின்படி அதன் பூர்வீகம் இரண்டுமல்ல. சுமார் 2,100 ஆண்டுகளுக்கு முன் இந்தியா அல்லது மியான்மர் பக்கம் இருந்த ஓர் ஆசியக் கரப்பானிலிருந்து பிரிந்து வந்ததாம். நம்ம ஊர்ச் சரக்காகவும் இருக்கலாம்.

இந்த வெறுப்பை மனிதர்கள்மேல் திருப்பியதும் நடந்திருக்கிறது. 1994ல் ருவாண்டாவில் டுட்சி மக்களை வானொலியில் 'இன்யென்சி', கரப்பான்கள், என்று திரும்பத் திரும்ப அழைத்தார்கள். சில மாதங்களுக்குள் லட்சக்கணக்கானோர் கொல்லப்பட்டார்கள். சிங்கம், புலி என்று சொல்லியிருந்தால் அவர்கள்மேல் பயம் வந்திருக்கும். துடைத்தெறியும் வேகம் வந்திருக்காது என்று எனக்குத் தோன்றுகிறது.

உண்மையான கெடுதல் எதில் என்றால், பறக்கும் கரப்பானில் அல்ல, அதன் எச்சமும் உதிர்ந்த தோலும் கலந்த தூசியில். அமெரிக்க நகரங்களின் ஏழைப் பகுதிகளில், கரப்பான் ஒவ்வாமை கொண்ட ஆஸ்துமா குழந்தைகளின் வீட்டிலும் அந்தத் தூசி அதிகமாக இருந்தால், அவர்கள் கூடுதலாக மருத்துவமனையில் சேர வேண்டியிருந்ததை 1997ல் ஓர் ஆய்வு காட்டியது. அந்தத் தூசியைப் பார்த்து யாரும் கட்டிலில் ஏறுவதில்லை. இன்னொன்று, அருவருப்பில் நாம் அடிக்கும் ஸ்ப்ரே. வாரம் இரண்டு டப்பா காலி செய்த வீடு ஒன்று எனக்குத் தெரியும். கைக்குழந்தை தூங்கும் அறையிலும் அடித்திருந்தார்கள். அந்த ஸ்ப்ரேக்கள் எளிதில் தீப்பிடிக்கும். எரியும் அடுப்புப் பக்கம் கொண்டுபோகவே கூடாது. ஒழுகும் குழாயைச் சரிசெய்து, ராத்திரியில் எச்சில் பாத்திரத்தைக் கழுவிவைத்து, இடுக்குகளில் ஜெல் மருந்து வைத்தால் அதைவிட நன்றாகக் கேட்கும்.

அவர் விஷயத்துக்கு வருகிறேன். அவருடைய தம்பி, பயம் தெளியட்டும் என்று செத்த கரப்பானைச் சட்டைப் பையில் போட்டுப் பார்த்திருக்கிறார். தயவுசெய்து யாரும் இதைச் செய்யாதீர்கள். அடுத்தவர் திணிப்பது சிகிச்சையில் சேராது. நாங்கள் செய்வது படிப்படியாக, அவர் சம்மதத்தோடு. முதலில் பென்சில் படம். பிறகு புகைப்படம், வீடியோ. அப்புறம் மூடிய கண்ணாடி ஜாடிக்குள் செத்தது, கடைசியில் உயிருள்ளது. (ஜாடிக்கு ஆள் தேட வேண்டியதில்லை, எங்கள் கிளினிக் பழைய கட்டடம்.) ஒவ்வொரு படியிலும் படபடப்பு தானாக இறங்கும்வரை காத்திருக்க வேண்டும், பாதியில் எழுந்து ஓடக் கூடாது. படபடப்பு சீக்கிரம் இறங்கிவிடும். அருவருப்பு மெதுவாகத்தான் இறங்கும். அதை முன்கூட்டியே சொல்லிவிடுவேன், இல்லாவிட்டால் நடுவில் நம்பிக்கை போய்விடும்.

ஆறாவது வாரம் அவருடைய ஹெல்மெட்டையே கொண்டுவரச் சொன்னேன். உள்பக்கத்தைத் தரையில் இரண்டு தட்டு தட்டி, எட்டிப் பார்த்து, மாட்டிக்கொண்டு பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தார். கழற்றியபோது முடியெல்லாம் வியர்வை. கை பேன்ட்டுக்குப் போகவில்லை.

"பிடிக்கலதான் மேடம். ஆனா போட்டுக்குறேன்."

வீட்டில் கரப்பானை அடிப்பது இன்னமும் மனைவிதானாம்.