மணிக்கணக்கில் வாங்கப்படும் வாயு

அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களுக்கான அரசு மருத்துவமனைகள், நுரையீரல் இரத்தக்குழாய்களை விரிக்கும் மருந்து வாயுவான நைட்ரிக் ஆக்சைடுக்காக ஒப்பந்தப்புள்ளி கோரும்போது, வெறும் சிலிண்டரைக் கேட்பதில்லை, ‘சேவை’ கேட்கின்றன. செலுத்தும் கருவி, சிலிண்டர்கள், ஊழியர்களுக்கான பயிற்சி, நள்ளிரவிலும் கிடைக்கும் தொழில்நுட்ப உதவி எல்லாம் அதில் அடக்கம். கட்டணமோ பெரும்பாலும் நோயாளி அதைச் சுவாசித்த மணிநேரத்துக்கு. ஒரு வாயுவை இப்படி வாங்குவானேன்? அதன் குணத்தைப் பார்த்தால் புரியும்.

ஒரு நைட்ரஜன் அணு, ஓர் ஆக்சிஜன் அணு, அவ்வளவுதான் மூலக்கூறு. நம் இரத்தக்குழாயின் உட்சுவரே இதைச் சுரந்து, சுற்றியுள்ள தசையைத் தளர்த்துகிறது. இந்தக் கண்டுபிடிப்புக்காக ஃபர்ச்காட், இக்னாரோ, முராட் என்ற விஞ்ஞானிகள் மூவரும் 1998இல் நோபல் பரிசு பெற்றார்கள். அவர்களில் ஃபெரித் முராட், 1980களில் பாலோ ஆல்டோ நகரின் முன்னாள் படைவீரர் மருத்துவமனையில் மருத்துவத் துறைத் தலைவராக இருந்தவர் என்பது மனத்துக்கு நிறைவளிக்கும் செய்தி.

மூச்சோடு உள்ளே போகும் நைட்ரிக் ஆக்சைடு, நுரையீரலில் காற்று எட்டுகிற நுண்ணறைகளுக்கு மட்டுமே போய்ச் சேர்கிறது. அங்குள்ள குழாய்கள் விரிகின்றன. காற்று இருக்கும் இடத்துக்கே இரத்தமும் பாய்கிறது. நரம்பு வழியே ஏற்றும் மருந்துகள் பல உடல் முழுவதும் இரத்த அழுத்தத்தைக் குறைத்துவிடும். இதுவோ இரத்தத்தில் கலந்த மறுகணமே ஹீமோகுளோபினிடம் சிக்கிச் செயலிழக்கிறது. நுரையீரலோடு அதன் வேலை முடிந்துவிடுகிறது. இதய அறுவை சிகிச்சைக்குப் பின், நுரையீரலுக்கு இரத்தத்தைத் தள்ளும் வலது இதயம் திணறும் நோயாளிக்கு இது எத்தனை பெரிய உதவி!

ஆனால் இதே வாயு ஆக்சிஜனோடு கலந்தால் நைட்ரஜன் டை ஆக்சைடாக மாறி நுரையீரலை அரிக்கும். அதனால் நோயாளியின் அருகிலேயே, ஒவ்வொரு மூச்சுக்கும் ஏற்பக் கலக்க வேண்டும். வழக்கமான அளவு, பத்து லட்சம் பங்கில் 20 பங்கு. நைட்ரிக் ஆக்சைடு, ஆக்சிஜன், நைட்ரஜன் டை ஆக்சைடு ஆகிய மூன்று வாயுக்களையும் கருவி இடைவிடாமல் அளந்தபடி இருக்க வேண்டும். திடீரென நின்றுபோனால் நுரையீரல் குழாய்கள் முன்னைவிட இறுகி உயிருக்கே ஆபத்தாகலாம். மாற்றுச் சிலிண்டர், பேட்டரி, கையால் அழுத்தி மூச்சு கொடுக்கும் பை ஆகியவற்றை ஒப்பந்தம் வற்புறுத்துவது இதனால்தான். வாயுவை ஒருவரிடமும் கருவியை இன்னொருவரிடமும் வாங்கினால், கோளாறு வரும் இரவில் யார் பொறுப்பு?

வேதியியலோடு சந்தைக்கும் இதில் பங்கு உண்டு. 1999இல் அமெரிக்க ஒப்புதல் கிடைத்தது முதல் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அங்கே ஒரே நிறுவனம்தான் விற்றது. விலையும் அது வைத்ததே. காப்புரிமை வழக்குகளில் அது தோற்றபின் போட்டியாளர்கள் வந்தார்கள். 2019இல், பெரிய சிலிண்டரே இல்லாமல் நோயாளியின் படுக்கையருகே வாயுவை உண்டாக்கும் கருவியும் ஒப்புதல் பெற்றது. அதில், திரவ டைநைட்ரஜன் டெட்ராக்சைடிலிருந்து வரும் நைட்ரஜன் டை ஆக்சைடை, அஸ்கார்பிக் அமிலம், அதாவது வைட்டமின் சி, நைட்ரிக் ஆக்சைடாக மாற்றித் தருகிறது.

இந்த மருத்துவமனைகளின் நிலையில் இன்னொன்றும் உண்டு. 1999இன் ஒப்புதல் பச்சிளங்குழந்தைகளுக்கானது. முன்னாள் படைவீரர்களோ பெரியவர்கள். கடும் நுரையீரல் செயலிழப்பில் பெரியவர்களுக்கு இது ஆக்சிஜனை உயர்த்தினாலும், இறப்பைக் குறைத்ததாக ஆய்வுகள் காட்டவில்லை. ஆகவே எப்போது தொடங்குவது, எந்த மணியில் மெல்லக் குறைத்து நிறுத்துவது என்ற மருத்துவ விதிகளை எழுதிவைத்துக்கொண்டுதான் டெண்டரில் மணிநேர மதிப்பீட்டை நிரப்ப வேண்டும் என்பேன்.