அக்வாரியத்தில் ஃபிளாஷ் எதற்கு? அலுவலகக் குழுவாக வருபவர்களுக்கு ஒரு வேண்டுகோள்

காலையில் விளையாட்டு, மதியம் விருந்து, மாலையில் அக்வாரியம். அலுவலக ‘டீம் பில்டிங்’ நாளுக்கு இதுவே வாடிக்கையாகிவிட்டது. வரட்டும், நல்லதுதான். சிக்கல் கையில் இருக்கும் படப் போட்டிப் பட்டியலில் இருக்கிறது. ஆக்டோபஸின் கண் தெரிகிற படத்துக்கு 20 புள்ளி, சுறா வாயைத் திறந்த படத்துக்கு 30, நட்சத்திரமீனைக் கையில் ஏந்திய செல்ஃபிக்கு 50. முக்கால் மணி நேரத்தில் எல்லாவற்றையும் முடிக்க வேண்டும். போட்டி என்று வந்துவிட்டால் நிதானமான ஆள்கூடப் பொந்துக்குள் ஒடுங்கிக் கிடக்கும் ஆக்டோபஸை வெளியே வரவழைக்கக் கண்ணாடியைத் தட்டுகிறார், டார்ச்சை அடிக்கிறார், வரிசையாக ஃபிளாஷைப் போடுகிறார். கடைசியில் அவர் போனில் மிஞ்சுவது வெள்ளையாக ஒரு பொட்டும் அதற்குப் பின்னால் மங்கலாக ஏதோ ஒன்றும்தான்.

தட்டுவது ஏன் கூடாது என்று விளக்கப்போவதில்லை. தட்டாதீர்கள், அவ்வளவுதான். ஃபிளாஷைப் பற்றித்தான் விரிவாகப் பேசியாக வேண்டும். படித்தவர், பொறியாளர், மேலாளர் என்று வேறுபாடே இல்லாமல் எல்லோரும் சொல்வது ஒன்றே: “இருட்டா இருக்கே, ஃபிளாஷ் போட்டாத்தானே படம் விழும்?”

விழாது. போன் ஃபிளாஷ் லென்ஸுக்கு ஒட்டினாற்போல இருக்கிறது. தொட்டியின் சுவருக்கு நேராக நின்று அதைப் போட்டால், ஒளியில் சுமார் 4 சதவீதம் சுவரின் முன்பரப்பிலேயே பட்டு நேராக லென்ஸுக்குள் திரும்புகிறது. 4 சதவீதம்தானே என்று நினைக்க வேண்டாம். இரண்டு மூன்று மீட்டர் தள்ளி நீந்தும் மீனின் மேல் பட்டுத் திரும்பிவரும் ஒளி அதில் ஒரு சிறு துளிகூட இருக்காது. கேமரா அந்த வெள்ளைப் பொட்டைப் பார்த்து ‘வெளிச்சம் அதிகம்’ என்று முடிவுசெய்து மற்ற எல்லாவற்றையும் இருட்டாக்கிவிடும். உள்ளே போகிற கொஞ்ச ஒளியின் கதையும் அப்படித்தான். எவ்வளவு நல்ல வடிகட்டி போட்டிருந்தாலும் தொட்டி நீரில் உணவுத் துணுக்கு, நுண்குமிழி, கழிவுத் துகள் இருக்கத்தான் செய்யும். மூடுபனியில் வண்டிக்கு ஹைபீம் போட்டால் என்ன தெரியுமோ அதுவேதான் படத்தில் தெரியும். பெரிய தொட்டியின் பின்பகுதியில் சுற்றும் சுறா வரைக்கும் போனின் எல்இடி எட்டவே எட்டாது. தொட்டிக்குள் ஏற்கெனவே விளக்கு எரிகிறது. படம் எடுக்க அந்த ஒளி போதும்.

“அப்போ சாய்ந்து நின்னு போடறேன்” என்கிறவர்களும் உண்டு. சாய்ந்து நின்றால் ஃபிளாஷ் பிம்பம் வேறு பக்கம் போகும், உண்மைதான். ஆனால் தடித்த சுவர் வழியாகச் சாய்வாகப் பார்க்கும்போது மீனின் ஓரங்கள் நிறம் பிரிந்து குழம்பிவிடும். விலங்கின் முகத்தில் ஒளி அடிப்பதும் நிற்கப்போவதில்லை.

இன்னொன்று. ஃபிளாஷ் ‘ஆட்டோ’வில் இருந்தால் அது நிறுத்தியதாகாது. இருட்டைக் கண்டதும் அது தானாக எரியும். ‘ஆஃப்’ என்று தேர்ந்தெடுங்கள். கேமராவாக இருந்தால் ஃபோகஸுக்கு உதவ முன்னால் எரியும் சிறு விளக்கையும் மெனுவில் அணைக்க வேண்டும். வீடியோவுக்கு டார்ச் போட்டுக்கொள்வது ஃபிளாஷைவிட மோசம். ஃபிளாஷ் மின்னி மறையும், டார்ச் மறையாது.

ஃபிளாஷ் பட்டால் மீன் குருடாகிவிடும் என்று பயமுறுத்துகிறவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. 2019-ல் வெளியான ஓர் ஆய்வில், கடல்குதிரை உள்ளிட்ட கடலடி மீன்களின் கண்ணில் ஃபிளாஷால் சேதம் எதுவும் காணப்படவில்லை. படத்துக்காக மீனைத் தொட்டு நகர்த்துவதுதான் அவற்றை அதிகம் பாதித்தது. ஆனால் அதைக் காட்டி ஃபிளாஷுக்கு அனுமதி கேட்காதீர்கள். திறந்த கடலில் மிரண்ட மீனுக்கு ஓட இடம் இருக்கிறது, தொட்டியில் இல்லை. கணவாய் மிரண்டால் நீரைப் பீச்சிப் பின்பக்கமாகப் பாயும். பின்னால் இருப்பது சுவர். அதன் உடலின் பின்முனை திரும்பத் திரும்ப மோதிப் புண்ணாவது அக்வாரியத் தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும். அந்தப் புண் எளிதில் ஆறுவதில்லை. நீங்கள் ஒருமுறைதான் ஃபிளாஷ் போட்டீர்கள், சரி. உங்களுக்கு முன்னும் பின்னும் வரிசையில் நிற்பவர்களும் அதையேதான் சொல்கிறார்கள்.

சரி, படம் எப்படி எடுப்பது?

முதலில் சுவரைத் துடையுங்கள். மாலை நேரத்தில் குழந்தைகளின் கைரேகையும் மூக்குத் தடமும் அதில் நிறைந்திருக்கும். கண்ணாடி துடைக்கும் மைக்ரோஃபைபர் துணியால் உள்ளங்கை அளவு இடத்தை மெல்லத் துடைத்தால் போதும். பையில் இருக்கும் கை சானிடைசரை அதில் தெளிக்கவே கூடாது. பெரிய தொட்டிகளின் சுவர் பெரும்பாலும் கண்ணாடி அல்ல, அக்ரிலிக். ஆல்கஹாலும் அம்மோனியா கலந்த துப்புரவுத் திரவமும் பட்டால் அக்ரிலிக்கில் மயிரிழை போல வெடிப்புகள் ஓடும். அவை துடைத்தால் போகாது. கீறலும் அப்படியே. மோதிரம், கைக்கடிகாரம், கேமராவின் உலோக விளிம்பு, முக்கியமாக உங்கள் கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையின் உலோகக் கொக்கி, இவைதான் குற்றவாளிகள். அட்டையைக் கழற்றிப் பைக்குள் போட்டுவிட்டுச் சுவரருகே வாருங்கள். உட்புறக் கீறல் என்றால் நீரை இறக்கியோ ஆளை மூழ்க வைத்தோதான் மெருகேற்ற முடியும். வெளிப்புறக் கீறலைத் தேய்த்து எடுக்கவும் மணிக்கணக்காகும்.

துடைத்த இடத்தில் போனின் லென்ஸை மென்மையாக, தட்டையாக வையுங்கள். லென்ஸும் சுவரும் ஒட்டியிருந்தால் நடுவே பிரதிபலிப்பு நுழைய இடமில்லை. பாதிப் பிரச்சினை இங்கேயே தீர்ந்தது. கேமராவுக்கு மடங்கக்கூடிய ரப்பர் லென்ஸ் ஹூட் (லென்ஸ் முன்னால் மாட்டும் வளையம்) வாங்கிக்கொள்ளுங்கள். அது சுவரைக் கீறாது, கொஞ்சம் சாய்த்தாலும் இடைவெளி விழாது. ஒட்ட முடியாத இடத்தில் கையைக் குவித்து மறைக்கலாம், கறுப்புத் துணி இருந்தால் இன்னும் நல்லது. குழுவாக வருகிறவர்கள் கவனிக்காத ஒன்று டி-சர்ட். வெள்ளையும் பளீர் ஆரஞ்சும் சுவரில் அப்படியே விழும், நிறுவனத்தின் பெயர் இடவலம் மாறிச் சுறாவின் வயிற்றில் எழுதியிருக்கும். அடர்நிறச் சட்டை ஒன்றை மேலே போட்டுக்கொள்ளுங்கள். போன் திரையின் வெளிச்சத்தையும் குறைத்துவிடுங்கள்.

போலரைசர் வடிகட்டி எல்லாப் பிரதிபலிப்பையும் நீக்கிவிடும் என்று நம்பி வாங்கிக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. நேராக நின்று எடுக்கும்போது அதனால் பயனில்லை. அது நன்றாக வேலை செய்வது சுமார் 55 பாகைச் சாய்வில்தான். அதற்கு விலையாக ஒன்றரை ஸ்டாப் ஒளி போகும் (ஒரு ஸ்டாப் குறைந்தால் ஒளி பாதியாகும்), அக்ரிலிக்காக இருந்தால் வானவில் பட்டைகளும் வரலாம். சுவர் வழியாக எடுக்கும்போது அதைக் கழற்றி வைத்துவிடுங்கள்.

போனின் ‘நைட் மோட்’ அசையாத பொருளுக்கானது. அது பல படங்களை எடுத்து ஒன்றாக இணைக்கிறது. அதற்குள் மீன் நகர்ந்துவிட்டால் வாலில்லாத ஆவிதான் கிடைக்கும். அதை அணைத்துவிட்டு, மீன் வரப்போகும் இடத்தில் விரலை அழுத்திப் பிடித்து ஃபோகஸையும் வெளிச்சத்தையும் பூட்டுங்கள். மீனைத் துரத்தாதீர்கள். பெரும்பாலான மீன்கள் ஒரே பாதையில் சுற்றிச் சுற்றி வரும், இரண்டு சுற்று பார்த்தால் அது பிடிபட்டுவிடும். கேமராவில் லென்ஸ் துளையை (அப்பர்ச்சர்) எஃப் 2.8 அல்லது அதற்கும் கீழே வையுங்கள். மெதுவாக நகரும் கடல்குதிரைக்கும் அஞ்சாலைக்கும் ஷட்டர் வேகம் 1/125 நொடி போதும், நீந்தும் மீனுக்கு 1/250 வேண்டும். ஒளியுணர்திறனைக் காட்டும் ஐஎஸ்ஓ 3200, தேவைப்பட்டால் 6400. படத்தில் கொஞ்சம் புள்ளி விழுந்தால் பின்னர் குறைத்துக்கொள்ளலாம், கலங்கிய படத்தை ஒன்றும் செய்ய முடியாது. படத்தில் கறுப்புப் பட்டைகள் ஓடினால் அது எல்இடி விளக்கின் துடிப்பு. ஷட்டரை 1/100, 1/50 என்று இறக்கிப் பாருங்கள்.

ஜெல்லிமீன்தான் இருப்பதிலேயே எளிது. பின்னணி கறுப்பு, உடல் ஒளிர்கிறது. கேமரா கறுப்பைப் பார்த்துப் படத்தை வெளிற வைத்துவிடும், ஆகவே வெளிச்சத்தை ஒன்று முதல் இரண்டு ஸ்டாப் வரை குறையுங்கள். போனில் சூரியக் குறியைக் கீழே இழுத்தால் அதே வேலைதான். (ஊதா, பச்சை, நீலம் என்று நீங்கள் பதிவேற்றும் நிலா ஜெல்லிமீன் உண்மையில் ஏறக்குறைய நிறமற்றது. நிறமெல்லாம் விளக்கினுடையது.) பவளத் தொட்டிகளில் நீல ஒளி அதிகம், அங்கே ‘ரா’ கோப்பில் (கேமரா பதப்படுத்தாத மூலக் கோப்பு) எடுத்தால் நிறத்தைப் பின்னர் திருத்த ஓரளவு இடமிருக்கும்.

சுரங்கப்பாதை மாதிரியான வளைந்த சுவரில் தலைக்கு நேர் மேலே வரும் திருக்கையை எடுங்கள். பக்கவாட்டில் குறிபார்த்தால் உருவம் நெளியும்.

தொட்டுணரும் குளத்தில் நான் சொல்வதை உத்தரவாகவே எடுத்துக்கொள்ளுங்கள். நட்சத்திரமீனை நீருக்கு மேலே தூக்கக் கூடாது. அது தோலின் மேலுள்ள மெல்லிய நீட்சிகள் வழியாகவும் குழாய்க்கால்கள் வழியாகவும் மூச்சுவிடுகிறது. பாறையைப் பற்றியிருப்பதைப் பிடுங்கினால் அந்தக் கால்கள் அறுந்து பாறையிலேயே தங்கிவிடும். கையில் சன்ஸ்க்ரீன், சானிடைசர், கொசு விரட்டி எது இருந்தாலும் வெறும் நீரில் நன்றாகக் கழுவிவிட்டு வாருங்கள். ஈரக்கையின் இரண்டு விரலால் வருடினால் போதும். படம் வேண்டுமா? நண்பரின் விரலும் நட்சத்திரமீனும் நீருக்குள் இருக்க, மேலிருந்து சாய்வாக எடுங்கள். நீர்ப்பரப்பில் கூரை விளக்கு பளபளக்கும். இங்கேதான் அந்தப் போலரைசருக்கு வேலை.

குழுப் படத்துக்கு எல்லோரும் தொட்டிக்கு முதுகைக் காட்டி நின்றால் முகங்கள் கறுப்பாகும், உடனே ஒருவர் ஃபிளாஷைப் போடுவார். அதற்குப் பதிலாகப் பக்கவாட்டில் திரும்பி நில்லுங்கள், தொட்டியின் நீல ஒளி முகத்தில் விழட்டும். அல்லது தொட்டிக்கு வெளிச்சத்தைப் பூட்டிவிட்டு எல்லோரையும் நிழலுருவமாக எடுங்கள்.

ஏற்பாட்டாளர்களிடம், மனிதவளப் பிரிவினரிடம் கெஞ்சியே கேட்கிறேன்: விலங்கு எதையாவது செய்தால் புள்ளி என்று வைக்காதீர்கள். போட்டி வேண்டுமென்றால் ஒரே தொட்டி முன்னால் 15 நிமிடம் நின்று எடுத்த ஒரு படத்துக்குப் பரிசு கொடுங்கள். அசையாமல் நிற்பவரைப் பார்க்க ஆக்டோபஸே சில சமயம் முன்னால் வரும். நாற்பது பேரையும் ஒன்றாக உள்ளே அனுப்பாமல் ஏழெட்டுப் பேராகப் பிரித்து அனுப்புங்கள். முடிந்தால் அக்வாரியத்தைக் காலையில் வைத்து, கயிறிழுப்பை மாலைக்குத் தள்ளுங்கள். சுவரும் சுத்தமாக இருக்கும், ஆட்களும் சோர்ந்திருக்க மாட்டார்கள்.

திறந்த தொட்டியின் மேலே போனை நீட்டுவதாக இருந்தால் மணிக்கட்டில் கயிறு கட்டுங்கள். போன் நீர் புகாதது என்று காட்டும் ஐபி68 என்ற முத்திரை நன்னீரில் செய்த சோதனைக்குத்தான், உப்புநீருக்கு அல்ல. விழுந்துவிட்டால் நீங்களே கையை விட்டுத் துழாவ வேண்டாம், திருக்கைக்கு வாலில் முள் உண்டு. ஊழியரைக் கூப்பிடுங்கள். எடுத்ததும் போனை அணைத்து நன்னீரில் அலசித் துடைத்து உலர விடுங்கள். முழுதாகக் காயும்வரை சார்ஜரில் மாட்டாதீர்கள்.