தொடையை இழுத்துப் பிடித்தால் வார்ம்-அப் ஆகிவிடாது

இந்த மாதத்தில் இவர் மூன்றாவது ஆள். 200 கிலோமீட்டர் பிஆர்எம் (குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர சைக்கிள் பயணம்) போனவர், நாற்பதாவது கிலோமீட்டரிலேயே முழங்காலின் முன்பக்கம் பிடித்துக்கொண்டதாம். மறுநாள் நொண்டிக்கொண்டே என் பிசியோ அறைக்கு வந்தார். "வார்ம்-அப் பண்ணீங்களா சார்?" என்று கேட்டால், "அதெல்லாம் பக்காவா பண்ணேன் டாக்டர்" என்கிறார். செய்து காட்டச் சொன்னேன். மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, குதிகாலைப் புட்டத்தோடு சேர்த்து இழுத்து, பல்லைக் கடித்தபடி எண்ணினார். எண்பது வரை! அப்புறம் அடுத்த கால். அவ்வளவுதான்.

அது வார்ம்-அப் இல்லைங்க. அது ஸ்ட்ரெச்சிங். எத்தனை பேரிடம்தான் சொல்வது! நின்ற இடத்திலேயே தசையை இழுத்துப் பிடித்தால் அதில் என்ன சூடு ஏறும்? ஒரே தசையை ஒரு நிமிடத்துக்கு மேல் இப்படி இழுத்து வைத்தால், கொஞ்ச நேரத்துக்கு அதன் பலம் குறையத்தான் செய்யும். அந்தக் காலோடு போய்ப் பெரிய கியரை மிதிக்கிறீர்கள். இன்னும் சிலர், "சென்னையில நின்னாலே வேர்க்குது, தனியா எதுக்கு வார்ம்-அப்?" என்கிறார்கள். வேர்ப்பது புழுக்கத்தால். விடியற்காலையில் ஒரு மணி நேரம் காரில் மடங்கிக் கிடந்து ஈசிஆர் வந்த கால், சட்டை நனைந்ததால் தயாராகிவிடாது.

சைக்கிள் மேலேயே செய்ய வேண்டிய வேலை இது. முதல் 20 நிமிடம் லேசான கியர். நிமிடத்துக்கு 80, 90 சுற்று. பக்கத்தில் வருபவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும். கடைசியில் மட்டும் இரண்டு மூன்று தடவை, அரை நிமிடம் கொஞ்சம் அழுத்தி மிதித்துவிட்டு விடுங்கள். முன்னால் ஒரு கூட்டம் எடுத்த எடுப்பிலேயே முப்பதில் பறக்கும். தயவுசெய்து பின்னால் போகாதீர்கள். 200 கிலோமீட்டருக்குப் பதின்மூன்றரை மணி நேரம் தருகிறார்கள். நிதானமாகக் கிளம்பினால் ஐந்தாறு நிமிடம் பிந்தும், அவ்வளவே.

சீட் தாழ்வாக இருந்தால் எந்த வார்ம்-அப்பும் முட்டியைக் காப்பாற்றாது. அதனால்தான் நான் ஸ்கேனுக்கு முன்னால் சைக்கிளைக் கொண்டுவரச் சொல்கிறேன்.

வழியில் வலித்தால் கியரைக் குறையுங்கள். குறையவில்லையா, இறங்கிவிடுங்கள். வலிமாத்திரை போட்டு ஓட்டவே கூடாது. நீர்ச்சத்து வற்றிய உடம்பில் அது கிட்னியையும் பதம் பார்க்கும். இவர் இரண்டு மாத்திரை போட்டுக்கொண்டு மீதி 160 கிலோமீட்டரையும் ஓட்டி முடித்திருக்கிறார்.