மோட்டிவேஷன்: ஊக்கமா, ஊக்குவிப்பா?

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பின்னலாடை நிறுவனத்துக்காக, மேற்பார்வையாளர்களுக்கான பயிற்சிக் கையேட்டைத் தமிழாக்கிக் கொடுத்தேன். சின்னக் கையேடுதான். ஆனால் பக்கத்துக்குப் பக்கம் 'மோட்டிவேஷன்' என்ற சொல் வந்துகொண்டே இருந்தது. எல்லா இடத்திலும் 'ஊக்கம்' என்று போட்டு முடித்தேன். அச்சுக்குப் போகும் முன் தையல் பிரிவு சூப்பர்வைசர்கள் சிலரிடம் படிக்கக் கொடுத்தார்கள். அவர்களில் ஓர் அம்மா, பல வருடம் லைனில் மெஷின் மிதித்து மேலே வந்தவர், ஒரு வரியில் விரலை வைத்துக் கேட்டார்: "ஏனுங்க, இந்த ஊக்கம்ங்கறது எங்ககிட்ட இருக்கறதுங்களா, நீங்க குடுக்கறதுங்களா?"

அவர் விரல் வைத்த வரி இது: 'தொழிலாளரின் ஊக்கம் குறையும்போது மேற்பார்வையாளர் ஊக்கம் அளிக்க வேண்டும்.' முதல் ஊக்கமும் இரண்டாம் ஊக்கமும் ஒரே பொருள் இல்லை என்பது அவர் கேட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது. அன்று தொடங்கிய தேடல் இது.

குழப்பம் மூலச் சொல்லிலேயே இருக்கிறது. லத்தீனில் 'மோவேரே' என்றால் அசைத்தல், நகர்த்தல். அதிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு 'மோட்டிவ்' வந்தது. ஒருவரைச் செயலுக்கு நகர்த்தும் காரணம் என்று பொருள். 'மோட்டிவேஷன்' மிகவும் பிந்தியது, 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில்தான் ஆங்கிலத்தில் புழங்கத் தொடங்கியது. உளவியலார் அதை எடுத்துக்கொண்டது 20ஆம் நூற்றாண்டில். மோட்டார், எமோஷன், புரமோஷன் எல்லாம் இதே வேரில் கிளைத்தவை. பதவி உயர்வுக்கும் மனவெழுச்சிக்கும் தண்ணீர் இறைக்கும் மோட்டாருக்கும் ஒரே தாய். அசைகிறவரின் நிலை, அசைக்கிறவரின் செயல் இரண்டையும் 'மோட்டிவேஷன்' என்ற ஒரே சொல் சுமப்பதால், நிர்வாகப் பாடங்களில் இரண்டும் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன.

இந்தக் கலப்பை மேலைநாட்டு ஆய்வாளர்களும் கண்டுகொண்டார்கள். அமெரிக்க உளவியலாளர் ஃபிரெடரிக் ஹெர்ஸ்பெர்க் 1968இல் எழுதிய ஒரு கட்டுரையில் நாயை உதைப்பதை உதாரணம் காட்டினார். உதைத்தால் நாய் நகரும். மறுபடி நகர வேண்டுமானால் மறுபடி உதைக்க வேண்டும். பிஸ்கட் காட்டி நகர்த்தினாலும் கதை அதேதான். இரண்டிலும் ஊக்கம் நாயிடம் இல்லை, அதை நகர்த்த நினைப்பவரிடமே இருக்கிறது என்பது அவர் வாதம். அவர் 1950களில் பிட்ஸ்பர்க் வட்டாரத்தில் பொறியாளர், கணக்காளர் என ஏறக்குறைய 200 பேரிடம் பேசிப் பார்த்தவர். சம்பளம், நிறுவனத்தின் விதிகள், மேற்பார்வை ஆகியவை சரியில்லாவிட்டால் மனிதர்கள் மனம் கசந்துபோகிறார்கள். அவை சரியாக இருப்பதால் மட்டும் வேலையில் மனம் கிளர்ந்துவிடுவதில்லை. கிளர்ச்சி தருபவை வேறு: முடித்துக் காட்டியது, அதைப் பிறர் மதித்தது, வேலையின் சுவை, பொறுப்பு, வளர்ச்சி.

முதல் வகைக்கு அவர் வைத்த பெயரை நம் பாடநூல்கள் 'சுகாதாரக் காரணிகள்' என்று அப்படியே பெயர்த்து வைத்திருக்கின்றன. படிக்கும் மாணவருக்குக் கழிப்பறையும் குடிநீரும்தான் நினைவுக்கு வரும். நோய் வராமல் தடுப்பது, ஆனால் அதுவே உடலுக்கு வலு ஆகாது என்பது அவர் சொல்ல வந்த உவமை. 'கசப்பு நீக்கிகள்' என்று சொல்லியிருக்கலாம்.

இனித் தமிழுக்கு வருவோம். 'மோட்டிவேஷன்' என்பதற்கு உந்துதல், தூண்டுதல், ஊக்கம், ஊக்குவிப்பு என்று ஆளுக்கொன்றாக எழுதுகிறோம். நான்கும் ஒன்றல்ல.

உந்துதல் என்பது வெளியிலிருந்து தள்ளுவது. ராக்கெட்டுக்கு உந்துவிசை என்கிறோம், அங்கே அது மிகச் சரி. தள்ளப்படும் பொருளுக்கு விருப்பு வெறுப்பு கிடையாது. மனிதர்களைப் பற்றிச் சொல்லும்போது பசியோ பயமோ பிடித்துத் தள்ளுகிற இடத்துக்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளலாம்.

தூண்டுதல் இதைவிடச் சுவையான சொல். விளக்கின் திரியை விரலாலோ குச்சியாலோ முன்னே நகர்த்திச் சுடரை எழுப்புவதுதான் தூண்டுதல். 'தூண்டு சுடர்' என்று அப்பர் பாடுகிறார். யாரும் தொடாமலே எரிவதைத் தூண்டாவிளக்கு என்கிறோம். இந்த உவமையில் ஒரு பெரிய உண்மை அடங்கியிருக்கிறது. எண்ணெய் இல்லாத விளக்கில் திரியைத் தூண்டினால் சுடர் ஒரு கணம் எழும், பிறகு திரியே கருகும். சம்பளம் இழுபறியாக இருக்கும் இடத்தில் மோட்டிவேஷன் வகுப்பு நடத்துவது எனக்கு இப்படித்தான் தெரிகிறது. அதே வினைச்சொல்லிலிருந்து பிறந்த இன்னொரு சொல் தூண்டில். இரையைக் காட்டி இழுப்பது. எட்ட முடியாத டார்கெட்டைக் காட்டிப் பரிசு அறிவிக்கும் திட்டங்களில் இரையும் உண்டு, முள்ளும் உண்டு. ஆகவே தூண்டுதல் நல்ல சொல்லே என்றாலும் பொதுச் சொல்லாக வைக்க எனக்குத் தயக்கம் உண்டு.

ஊக்கத்துக்கு வந்தால் திருக்குறளைத் தொடாமல் போக முடியாது. 60ஆம் அதிகாரத்தின் பெயர் ஊக்கமுடைமை. மனம் மெலியாமல் வினை செய்வதில் கிளர்ச்சி உடையவராக இருத்தல் என்று பரிமேலழகர் அதை விளக்குகிறார். 'உடைமை' என்ற பகுதியைக் கவனிக்க வேண்டும். 'உடையர் எனப்படுவது ஊக்கம்' என்றுதான் அந்த அதிகாரமே தொடங்குகிறது. ஊக்கம் ஒருவருடைய சொத்து, இன்னொருவர் கொடுத்து வாங்குவது அல்ல. 'ஊக்கம் அளித்தல்' என்று நான் எழுதியது ஏன் இடறியது என்பதற்கு இங்கே விடை கிடைத்தது.

ஆனால் ஊக்கத்தை வானளாவப் புகழ்ந்து நிறுத்திக்கொள்ளவில்லை வள்ளுவர். வலியறிதல் அதிகாரத்தில் இப்படி ஒரு குறள்:

'உடைத்தம் வலியறியார் ஊக்கத்தின் ஊக்கி
இடைக்கண் முரிந்தார் பலர்.'

தம் வலிமையின் அளவு தெரியாமல், மனக்கிளர்ச்சியால் முனைந்து தொடங்கி, நடுவழியில் முறிந்துபோனவர் பலர் என்கிறார். இன்று ஐ.டி. அலுவலகங்களில் 'பர்ன் அவுட்' என்று பேசப்படுவதற்கு இதைவிட நெருக்கமான வரி எனக்குத் தெரியவில்லை. மேடையேறி 'உன்னால் முடியும்' என்று மட்டுமே சொல்லிவிட்டு இறங்குபவர்கள் இந்தக் குறளையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது என் ஆசை. அதே அதிகாரத்தில் நுனிக்கொம்பு ஏறியவர் அதற்கு மேலும் 'ஊக்கின்' உயிருக்கே முடிவாகிவிடும் என்று இன்னொரு எச்சரிக்கையும் உண்டு.

இந்த 'ஊக்கு' என்ற வினைச்சொல்தான் நான் தேடியவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது. முயலுதல், மேலே செல்லுதல் என்ற பொருளோடு, அதற்கு ஆட்டிவிடுதல் என்ற பொருளும் இருக்கிறது. கலித்தொகையின் குறிஞ்சிக்கலியில், ஊஞ்சலில் இருக்கும் பெண் அங்கே வந்தவனைப் பார்த்து, 'ஐய, சிறிதென்னை ஊக்கி' என்கிறாள். கொஞ்சம் என்னை ஆட்டிவிடேன் என்று கேட்கிறாள். அவனும் 'நன்று' என்று ஊக்குகிறான்.

ஊஞ்சல் ஆட்டியவர்களுக்கு அந்தக் கை நுட்பம் தெரியும். ஆட்டுபவர் கூடவே ஓட மாட்டார். பின்னால் வந்து நின்று திரும்பும் அந்தக் கணத்தில் மெல்லத் தள்ளினால் போதும். முன்கூட்டித் தள்ளினால் வேகம் தடைபடும். பிந்தித் தள்ளினால் கை வெறுங்காற்றில் போகும். உட்கார்ந்திருப்பவரும் காலை நீட்டி மடக்கித் தாமே வேகம் கூட்டிக்கொள்வார். அதோடு, அந்தப் பாட்டில் ஆட்டிவிடச் சொல்லிக் கேட்பவள் ஊஞ்சலில் இருப்பவள். கேளாமலே பின்னால் நின்று பிடித்துத் தள்ளினால் கயிற்றை இறுகப் பிடித்துக்கொள்வதிலேயே அவள் கவனம் போய்விடும்.

ஊக்கு என்பதோடு 'வி' என்ற பிறவினை விகுதி சேர்ந்தால் ஊக்குவி. செய்வி, வருவி போல. வருவிப்பவர் வேறு, வருபவர் வேறு. அப்படியே ஊக்குவிப்பவர் வேறு, ஊக்கம் உடையவர் வேறு. ஆங்கிலம் ஒரே சொல்லில் குழைத்துவைத்ததைத் தமிழ் இலக்கணம் ஓர் எழுத்தில் பிரித்துத் தந்துவிடுகிறது. ஆகவே மனிதரிடம் உள்ள நிலை ஊக்கம், அது கிளர்வதற்காகப் பிறர் செய்வது ஊக்குவிப்பு. 'மோட்டிவ்' என்பதற்கு நோக்கம் போதும்.

ஆசிரியர் பயிற்சி நூல்களில் 'அடைவூக்கம்' என்று ஒரு நல்ல சொல் இருக்கிறது. ஒன்றைச் சாதித்துப் பார்க்க வேண்டும் என்ற உள்ளார்வம். அமெரிக்க உளவியலாளர் டேவிட் மெக்கிளெலண்ட் இதைப் பயிற்சியால் வளர்க்க முடியுமா என்று 1960களில் ஆந்திரத்தின் காக்கிநாடாவில் சிறுதொழில் செய்வோரைக் கொண்டு சோதித்துப் பார்த்தவர். அதே நூல்களில் வரும் 'புறவூக்கம்' என்ற சொல்லை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. காசு, பரிசு, பட்டம் ஆகியவை புறத்தூண்டல்கள், ஊக்கம் புறத்தே இருக்க முடியாது. இன்னொரு உளவியலாளர் எட்வர்ட் டெசி 1971இல் வெளியிட்ட சோதனையில், புதிர் அடுக்குவதற்குக் காசு வாங்கிய மாணவர்கள், காசு நின்ற பிறகு ஓய்வு நேரத்தில் அந்தப் புதிரைத் தொடுவது குறைந்துபோனது. தூண்டல் இருந்த இடத்தில் ஊக்கம் தேய்ந்துவிட்டது. இரண்டையும் ஒரே சொல்லால் குறித்தால் இதை எப்படி விளக்குவது?

ஊக்கத்தொகை என்ற சொல் இனி மாறாது, மாறவும் வேண்டாம். 'இன்சென்டிவ்' என்பதன் லத்தீன் வேர் பாட்டோடு தொடர்புடையது; முதல் சுருதி எடுத்துக் கொடுப்பது என்று பொருள். ஆனால் போனஸை ஊக்கத்தொகை என்று எழுதுவது பிழை. 1965ஆம் ஆண்டுச் சட்டம், பின்வந்த திருத்தங்களோடு, போனஸுக்குக் குறைந்தது 8.33 விழுக்காடு, கூடியது 20 விழுக்காடு என்று அளவு வகுத்தது. சட்டம் அளவிட்டுத் தருவது உரிமை. தீபாவளிக்கு முன் அதை வாங்க நிற்கிறவரை யாரும் ஊக்குவிக்கவில்லை, அவருடைய பங்கை அவருக்குக் கொடுக்கிறார்கள்.

ஊக்குவிப்பவரைக் குறிக்கும் சொற்களுக்கும் வரலாறு உண்டு. 'மேனேஜ்' என்பது இத்தாலிய மொழியில் குதிரையைக் கைக்குள் பழக்குவதைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது; லத்தீனில் 'மானுஸ்' என்றால் கை. நம்முடைய பழைய சொல் கண்காணி, கையை விட்டுக் கண்ணைப் பிடித்துக்கொண்டது. சோழர் கல்வெட்டுகளில் கோயில் காரியங்களை மேற்பார்த்தவர்களுக்கு வழங்கிய சொல் அது. பின்னர் இலங்கைத் தோட்டங்களிலும் மலாயாவிலும் அதுவே கங்காணி ஆனது. தன் ஊர்க்காரர்களை முன்பணம் கொடுத்து அழைத்துப் போய், கடனில் கட்டி வைத்து வேலை வாங்கியவர் கங்காணி. இலங்கையில், ஆள் எத்தனை பேர் வேலைக்கு இறங்கினார்கள் என்று எண்ணித் தலைக்கு இவ்வளவு என அவருக்குக் காசு. கடனைச் சீட்டில் எழுதி ஆளைத் தோட்டம் மாற்றிய 'துண்டு' முறை 1921இல்தான் அங்கே ஒழிக்கப்பட்டது. தலையை எண்ணிக் கூலி வாங்கிய ஒருவருக்குத் தலைக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க எந்தத் தேவையும் இருந்திருக்காது. மலையகத்தில் இன்றும் அந்தச் சொல்லைச் சொன்னால் மூத்தவர்கள் முகம் மாறும்.

பேச்சுத் தமிழில் 'வேலை வாங்கறது' என்போம். 'அவர் நல்லா வேலை வாங்குவார்' என்றால் பாராட்டுதான். தட்டிக்கொடுத்தும் வாங்கலாம், விரட்டியும் வாங்கலாம். உசுப்பேத்தி விடுவது என்ற சொல்லில் ஒரு கெட்ட வாடை இருப்பதை எல்லோரும் உணர்வார்கள்: ஏற்றிவிட்டவர் தரையில் நிற்பார், ஏறியவர் நுனிக்கொம்பில் இருப்பார்.

தலைமை நடத்தை பற்றி ஒரு குறள்தான் சொல்லலாம் என்றால் நான் இதைச் சொல்வேன்:

'வினைக்கண் வினையுடையான் கேண்மைவே றாக
நினைப்பானை நீங்கும் திரு.'

வேலையிலேயே மனம் வைத்திருப்பவர் அந்த உரிமையில் தலைவரிடம் கொஞ்சம் தாராளமாகப் பேசுவார், 'இது சரியா வராதுங்க' என்று முகத்துக்கு நேரே சொல்வார். அதை வேறு மாதிரி எடுத்துக்கொள்ளும் தலைவரை விட்டுத் திரு விலகும். திமிர் என்று நினைப்பவரை, பக்கத்தில் நின்று கோள் சொல்பவரின் பேச்சைக் கேட்பவரை. எத்தனை தொழிற்கூடங்களில், கடைகளில், பள்ளிகளில் இது நடக்கிறது! ஊக்கம் உள்ள ஆளைக் கண்டுபிடிக்க எளிய வழி, கேள்வி கேட்பவர் யார் என்று பார்ப்பதுதான். அவரையே முதலில் ஒதுக்குகிறார்கள்.

கையேட்டைத் திருத்த உட்கார்ந்தபோது அந்த அம்மாவையே கூட்டி வைத்துக்கொண்டேன். ஆட்களிடம் இருப்பது வரும் இடங்களில் ஊக்கம். மேற்பார்வையாளர் செய்வது வரும் இடங்களில் ஊக்குவிப்பு. காசு, பரிசு வரும் இடங்களில் தூண்டல். மூன்றாகப் பிரித்துப் போட்டபோது சில வரிகள் தாமாகவே பொருளற்று நின்றன, அவற்றை நீக்கச் சொல்லிக் குறித்தோம். மேற்பார்வையாளருக்கு உவமை தேடிக்கொண்டிருந்தபோது பத்தாம் வகுப்பு வேதியியல் நினைவுக்கு வந்தது: வினையூக்கி. வினை வேகமாக நடக்க உதவும், தான் தீர்ந்துபோகாது, நடக்கவே முடியாத வினையை அதனால் நடத்திக் காட்டவும் முடியாது. அதை எழுதிக் காட்டினேன். அவர் படித்துவிட்டு, "நல்லாருக்குதுங்க. ஆனா அந்த ஊஞ்சக் கதை சொன்னீங்களே, அதையே போட்டுருங்க. எங்க புள்ளைகளுக்கு அது புரியும்" என்றார். அதையே போட்டோம்.