'ரன்' எண்டால் ஓடுறது மட்டுமோ?

ரன் எண்டதுக்குத் தமிழ் என்ன எண்டு கேட்டால் சின்னப்பிள்ளையும் 'ஓடு' எண்டு சொல்லிடும். சரிதான். ஆனா ஒக்ஸ்போர்ட் ஆங்கில அகராதிக்காரர் இந்த ஒரு வினைச்சொல்லுக்கு மட்டும் 645 பொருள் பிரிச்சு வச்சிருக்கினம், 1989 பதிப்பில 'செட்' எண்ட சொல்தான் 430 பொருளோட முதல் இடத்தில நிண்டது, இப்ப அதையும் ரன் முந்தீட்டுது. இவ்வளவுக்கும் ஓடு, ஓட்டு, இயக்கு எண்ட மூண்டையும் மாறி மாறிப் போட்டு மொழிபெயர்த்தால் வாசிக்கிற சனத்துக்கு ஒண்டும் விளங்காது, 'வியாபாரத்தை இயக்குபவர்' எண்டு படிவத்தில அடிச்சிருந்தால் கடைக்கார அம்மா யாரைக் கேக்கினம் எண்டு முழிப்பா, 'கடை நடத்துறவர்' எண்டு கேட்டால் உடன பேரைச் சொல்லுவா.

சொல் எங்கால வந்தது எண்டு பாத்தால், பழைய ஆங்கிலத்தில இருந்த 'ரின்னன்' எண்ட வடிவமும் கடல் தாண்டி வந்த நோர்ஸ் ஆக்கள்ர வடிவமும் கலந்துதான் இண்டைய ரன். அதின்ர உறவுக்காரச் சொல் ஜெர்மன் மொழியில இன்னும் இருக்கு, அங்க ரின்னன் எண்டால் தண்ணி வழிஞ்சு ஓடுறது, ரென்னன் எண்டால் காலால ஓடுறது. அதாவது தொடக்கத்திலயே காலும் தண்ணியும் ஒரே சொல்லுக்க இருந்திருக்கு. எங்கட ஓடுவும் அப்பிடித்தான் பாருங்கோ: ஓடை, நீரோட்டம், இரத்த ஓட்டம், தடிமன் வந்தால் மூக்கால ஓடுது. வயித்தால போறதை இங்கிலீஸ்காரர் பேச்சில 'த ரன்ஸ்' எண்டுவினம், எங்கட ஆஸ்பத்திரிப் பலகையில வயிற்றோட்டம் எண்டு எழுதியிருக்கும். ஆரும் ஆரையும் பாத்து எழுதேல்ல, ரெண்டு பாஷையும் தனித்தனியா அதே இடத்துக்கு வந்திருக்கு, எனக்கு இது பெரிய அதிசயம்.

ஆனா எல்லாத் தண்ணிக்கும் ஓடு சரிவராது. இரணைமடு நிரம்பினால் கிளிநொச்சியில ஒருத்தரும் குளம் ஓடுது எண்டு சொல்லமாட்டினம், 'குளம் வான் பாயுது' எண்டுதான் சொல்லுவினம், வான் எண்டால் மிஞ்சின தண்ணி வெளியேறுற வழி. கனகராயன் ஆறு பாயுது, வயலுக்குத் தண்ணி பாயுது, நாங்கள் பாய்ச்சுறம். வான் ஓடுது எண்டால் அது ஹயஸ் மாதிரி வாகனம், வான் பாயுது எண்டால் குளம், வினையை மாத்தினால் பொருளே வேற.

வாகனத்துக்கு வருவம். இந்தியாவில கார் ஓட்டுறது எண்டுவினம், எங்கட பக்கம் 'கார் ஓடுவீங்களோ?', 'லான்ட்மாஸ்டர் (ரெண்டு சில்லு உழவு மெசின்) ஓடப் பழகீட்டான்' எண்டுதான் கேக்கலாம். இதைப் பிழை எண்டு திருத்துற ஆக்கள் இருக்கினம், எனக்கு அது கொஞ்சமும் பிடிக்காது. குறள் 496 இல 'கடலோடும் நாவாய்' எண்டு வருது, அங்க ஓடுறது கப்பல், இங்க நாங்கள் ஓடுறவரையும் சேத்துச் சொல்லுறம், அவ்வளவுதான் வித்தியாசம், காலாகாலமா ஈழத்தில புழங்கிற வழக்கு அது. மாட்டுக்கு மட்டும் இது பொருந்தாது, மாட்டைச் சாய்ச்சுக்கொண்டு போறதுதான்.

எனக்கு மிச்சம் பிடிச்சது கடை, பள்ளிக்கூடம், கலியாணம், சங்கம் எண்டு வாற இடம். இங்கிலீஸ்காரர் இதுகளை ஓட வைக்கினம், நாங்கள் நடத்துறம், அதாவது நடக்க வைக்கிறம். கடையை அவர் நடத்துறார், சனம் வந்து சாமான் வாங்கினால் 'கடை நல்லா ஓடுது'. ஆள் செய்யிறது நடத்துறது, தானா அமையிறது ஓட்டம். இந்தப் பிரிவை ஆங்கிலம் ஒரே ரன்னுக்க போட்டு மூடி வச்சிருக்கு. வற்றாப்பளை அம்மன் கோயில்ல பொங்கல் நடக்கும், அதுக்கு விசேட பஸ் ஓடும், ரெண்டையும் மாத்திச் சொல்லிப் பாருங்கோ, காதில குத்தும்.

இன்னொரு பக்கம், அவை ஓடுற இடத்தில நாங்கள் நிக்கிறம். மோட்டர் சைக்கிளை நிப்பாட்டிப்போட்டு எஞ்சினை நூக்காமல் விட்டால் எஞ்சின் 'ரன்னிங்' எண்டு அவை சொல்லுவினம், எங்கட ஆக்கள் 'சைக்கிள் ஸ்டார்ட்டில நிக்குது' எண்டுவினம். தேர்தலும் அப்பிடி, அமெரிக்காவில ஓடுவினம், பிரித்தானியாவில எங்களைப்போல நிப்பினம்.

கொம்பியூட்டர் புத்தகங்களில ரன் எண்டால் 'இயக்கு' எண்டு போடுறவை. எழுத்துத் தமிழுக்கு அது நல்ல சொல், குறை சொல்லேல்ல. ஆனா வன்னியில 'இயக்கம்' எண்ட சொல்லைக் கேட்டால் ஆக்களுக்கு முதல்ல நினைவு வாறது விடுதலைப் புலிகள்தான், கொம்பியூட்டர் இல்லை. அதால பிள்ளையளுக்குப் படிப்பிக்கேக்க 'புரோகிராமை ஓடவிடு' எண்டு சொல்லலாம், நிண்டு போனால் 'ஓடுதில்லை', அவைக்கும் உடன பிடிபடும்.

ஓட்டம் எண்ட சொல்லுக்கும் இஞ்ச ஒரு தனிப் பொருள் இருக்கு, அதை எந்த அகராதியும் ரன்னுக்கு நேர போடாது. 2009 தை (ஜனவரி) 2 இல போரில கிளிநொச்சி விழுறதுக்கு முந்தியே சனம் கிழக்கால வெளிக்கிட்டுது, தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு, கடைசியா முள்ளிவாய்க்கால். பத்திரிகையில அது இடப்பெயர்வு. வீட்டில கதைக்கேக்க 'நாங்கள் ஓடேக்க', 'அந்த ஓட்டத்துக்க காணி உறுதியும் துலைஞ்சுது'. டிராக்டர் பெட்டியில, சைக்கிளில, தலையில சாமானோட, கனபேர் மெல்ல மெல்ல நடந்துதான் போனவை, எண்டாலும் சொல் ஓட்டம்தான். இதை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோறவை வெறும் ரன் எண்டு போட்டால் ஏதோ ரேஸ் மாதிரிப் போயிடும், 'தப்பியோட வேண்டி வந்தது' எண்டு விளங்கிறமாதிரி விரிச்சுத்தான் எழுதவேணும்.

மிச்சத்தைக் கெதியாச் சொல்லுறன். டீசல் ரன் அவுட் எண்டால் டீசல் முடிஞ்சுது, கிரிக்கெட்டில ஓட்டம், விமானத்துக்கு ஓடுபாதை, 'ரன் எ ஃபீவர்' எண்டாலும் எங்களுக்குக் காய்ச்சல் ஓடாது, காயும். தோய்க்கேக்க சீலையில இருந்து சாயம் போகும். சந்தையில ஆரையும் 'ரன் இன்டு' எண்டால் தற்செயலாக் கண்டது, வாகனம் 'ரன் ஓவர்' எண்டால் ஏத்திப்போட்டுது. ரோட்டு ஓடுது எண்டும் எழுதவேண்டாம், ஏ9 கண்டியில இருந்து யாழ்ப்பாணம் மட்டும் போகுது, அதில பஸ்தான் ஓடுது.