ஐவிக் கொடியை ஏன் இழுக்கக் கூடாது?

“சுவரில் படர்ந்த ஐவியைப் பிடித்து இழுத்தால் காரையும் சேர்ந்து பெயர்ந்து வருகிறதே, ஏன்?” என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். கொடி உயிரோடு இருக்கும்போது இழுத்தால் அப்படித்தான் வரும்.

ஐவித் தண்டில், சுவரைத் தொடும் பக்கத்தில் மட்டும், பிரஷ் மயிர் போலக் குட்டை வேர்கள் கொத்தாக முளைக்கும். இவற்றின் வேலை பற்றிக்கொள்வது. நீர் உறிஞ்சுவது தரையிலுள்ள வேர்கள். (மரத்தில் ஏறும் ஐவி மரத்தின் சாற்றைக் குடிக்கிறது என்பதும் வெறும் கதைதான்.) சுவரின் மேடுபள்ளத்துக்கு ஏற்ப இந்த வேர்கள் வளைந்து படிந்ததும், அவற்றின் தூவிகள் நுண்துளைகளுக்குள் நுழைந்து மஞ்சள் நிறப் பசையைச் சுரக்கின்றன. ஆய்வாளர் மிங்ஜுன் ஜாங்கின் குழுவினர் 2008-ல் இதில் நானோ அளவு உருண்டைத் துகள்களைக் கண்டார்கள். அவை சர்க்கரைச் சங்கிலிகள் கோத்த அரபினோகேலக்டன் புரதங்கள் என்று 2016-ல் தெரியவந்தது. பசை நீர்த்திருப்பதால் சின்னஞ்சிறு துளைக்குள்ளும் ஓடிப் பரவும். ஈரம் ஆவியானதும் கால்சியம் அயனிகள் புரதத்தையும், பெக்டின் என்ற தாவரப் பசைப்பொருளையும் பிணைத்து இறுக்கிவிடும்.

காய்ந்தால் பிடி தளரும் என்றுதானே நினைப்போம்? நடப்பது நேர்மாறு. காயும் தூவி துளைக்குள்ளேயே திருகிச் சுருண்டு, கொக்கியாக மாட்டிக்கொண்டு, வேரைச் சுவரோடு இன்னும் நெருக்கி இழுக்கிறது. அதனால்தான் பசை விடுவதற்கு முன் பெயின்ட்டோ காரையோ விட்டுவிடுகிறது. களைச்செடியை ஆராய நிதி எதற்கு என்பவர்கள், அறுவை சிகிச்சைக்கான பசைக்கு இதிலிருந்து வழி தேடுவதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளட்டும்.

ஆகவே தரையை ஒட்டி ஒருமுறை, அதற்கு ஓரடி மேலே ஒருமுறை, சுற்றிலும் எல்லாத் தண்டுகளையும் வெட்டி நடுத்துண்டை எடுத்துவிடுங்கள். மரமென்றால் ரம்பம் பட்டையைக் கிழிக்காமல் பார்க்க வேண்டும். பறவைக் கூடு இருந்தால் குஞ்சுகள் பறக்கும்வரை பொறுங்கள். மேலே உள்ள கொடி சில மாதங்களில் வாடி நொறுங்கும் பதத்துக்கு வந்ததும், வேர்களைச் சுவரிலேயே விட்டுத் தண்டை மட்டும் மெல்ல உரிக்கலாம். சுவரில் தங்கும் வேர்த்தடங்களை முரட்டு நார் பிரஷால் தேய்க்க வேண்டும். கம்பி பிரஷ் செங்கலைச் சுரண்டும். கையுறை கட்டாயம்: சாற்றிலுள்ள ஃபால்கரினால் என்ற வேதிப்பொருள் சிலருக்குத் தோலில் அரிப்பும் கொப்புளமும் தரும்.

தரையில் படர்ந்ததை ஓரத்தில் வெட்டி, பாயாகச் சுருட்டிக்கொண்டே போகலாம். மண்ணைத் தொட்ட கணுவெல்லாம் வேர்விட்டிருக்கும்; விட்டுப்போன துண்டு மறுபடி துளிர்க்கும். அடர்ந்த இடத்தில் அட்டை விரித்து, மேலே 10 செ.மீ. மரச்சில்லு போடுங்கள். களைக்கொல்லி வேண்டுமானால் புதுத் துளிர் வரும்வரை காத்திருங்கள். முற்றிய இலையின் மெழுகுப் பூச்சில் மருந்து நிற்காமல் வழிந்துவிடும்.