பழைய ட்ரம்பெட்டில் இளஞ்சிவப்புப் புள்ளி இருக்கிறதா?

சேலத்தில் பேண்டு செட்டில் வாசிக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: ஏற்காட்டில் ஒரு எஸ்டேட் பங்களாவைக் காலி செய்கிறார்கள், அங்கே பழைய பிரிட்டிஷ் ட்ரம்பெட் ஒன்று கிடக்கிறது, 12,000 ரூபாய் சொல்கிறார்கள், வாங்கலாமா? "இது அரிசியை இழுக்கிற பித்தளை, வெளியே கோடிக்குப் போகும்" என்று இடையில் ஒரு தரகர் வேறு சொன்னாராம்.

முதலில் அந்தத் தரகரை முடித்துவிடுவோம். பித்தளை என்றால் செம்பும் துத்தநாகமும், அவ்வளவுதான். இரண்டுமே காந்தத்தில் ஒட்டாதவை. அரிசி நகர்ந்தால் அதில் இரும்புத்தூள் கலந்திருக்கும், பக்கத்தில் எங்கேயோ காந்தம் ஒளிந்திருக்கும். இந்த 'ரைஸ் புல்லிங்' கதைக்குப் படித்தவர்களும் பணம் கட்டி ஏமாறுவதுதான் எனக்கு எரிச்சல். நேராக வீட்டுக்காரரிடம் பேசுங்கள்.

சரி, ட்ரம்பெட்டுக்கு வருவோம். மணிபோல் விரிந்திருக்கும் முன்பக்க வாயில் ஒடுக்கு இருந்தால் எடுத்துவிடலாம், மவுத்பீஸ் காணோம் என்றால் புதிதாக வாங்கலாம், பச்சைக் களிம்பு துடைத்தால் போய்விடும். இதற்கெல்லாம் பேரம் பேசலாம், பயப்பட வேண்டியதில்லை. 'பூசி அண்ட் ஹாக்ஸ்' என்று பொறித்திருந்தால் அது 1930-லோ அதற்குப் பிறகோ செய்தது, ஏனென்றால் பூசி, ஹாக்ஸ் என்ற இரண்டு பிரிட்டிஷ் கம்பெனிகளும் ஒன்றானது அந்த ஆண்டில்தான்.

நீங்கள் தேட வேண்டியது இளஞ்சிவப்புப் புள்ளிகளை. மவுத்பீஸ் செருகும் குழாயிலும், அதை அடுத்து வளைந்து திரும்பும் ஸ்லைடிலும்தான் (இழுத்து நீட்டக்கூடிய குழாய்) அவை வரும், சிலவற்றின் நடுவில் கருத்த ஒரு பொட்டு இருக்கும். ட்ரம்பெட்டுக்கு வழக்கமான மஞ்சள் பித்தளையில் செம்பு 70 சதவீதம், துத்தநாகம் 30 சதவீதம். எலக்ட்ரானை விட்டுக்கொடுப்பதில் துத்தநாகம் செம்பைவிட எத்தனையோ மடங்கு தாராளம் என்பது பள்ளியில் படித்ததுதான். வாசிப்பவரின் மூச்சில் ஈரம் இருக்கிறது, கார்பன் டை ஆக்சைடு இருக்கிறது, எச்சிலும் டிபன் மிச்சமும் சேர்ந்து குழாய்க்குள் லேசான அமிலப் படலமாகத் தங்குகின்றன. அந்தப் படலத்தில் துத்தநாக அணுக்கள் அயனிகளாகக் கரைந்து வெளியேறுகின்றன, செம்பு பின்தங்கிவிடுகிறது. இதில் நான் வியக்கிற இடம் ஒன்று உண்டு. மூன்றில் ஒரு பங்கு உலோகம் போன பிறகும் குழாயின் வடிவம் மாறுவதில்லை, அளவு மாறுவதில்லை, தொட்டால் வழுவழுப்பாகக்கூட இருக்கும். உள்ளே மிஞ்சியிருப்பது கண்ணுக்குத் தெரியாத துளைகள் நிறைந்த, பலமே இல்லாத செம்புப் பஞ்சு. சுவரின் தடிமன் சுமார் அரை மில்லிமீட்டர், அரிப்பு தொடங்குவது உட்பக்கத்தில், அப்படியானால் வெளியே புள்ளி தெரியும்போது அந்த இடத்தில் குழாய் கிட்டத்தட்ட முழுதாகவே போய்விட்டது என்று பொருள்.

புளி போட்டு அதிக நேரம் ஊற வைத்த பித்தளைக் குடம் சிவந்து போவதும் இதே வேதியியல்தான், ஆனால் அது மேலோட்டமானது, பரவலாகச் சிவக்கும், நன்றாகத் தேய்த்தால் மஞ்சள் திரும்பிவிடும். ட்ரம்பெட்டில் வரும் புள்ளி எத்தனை பாலிஷ் போட்டாலும் போகாது. ஆகவே "நாளைக்கு வாங்க, பளபளன்னு துலக்கி வைக்கிறேன்" என்று சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, இருக்கிறபடியே பகல் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். ஸ்லைடைக் கழற்றி உள்ளே டார்ச் அடியுங்கள். குழிகுழியாகச் சொரசொரத்தால் அந்தக் குழாயையே மாற்ற வேண்டும், அந்தச் செலவை விலையில் கழித்துக்கொள்ளுங்கள். துத்தநாகம் 15 சதவீதத்துக்கும் கீழே இருந்தால் இந்த அரிப்பு அநேகமாக வராது, சில கம்பெனிகள் மவுத்பீஸ் செருகும் குழாயை மட்டும் செம்பு அதிகமுள்ள சிவப்புப் பித்தளையில் செய்வதில் இப்படி ஒரு லாபம் உண்டு.

ட்ரம்பெட் இத்தனை காலம் எங்கே இருந்தது என்றும் கேளுங்கள். உர மூட்டைக்கோ மாட்டுக் கொட்டகைக்கோ பக்கத்தில் என்றால் விரிசலையும் தேட வேண்டும். பிரிட்டிஷ் இந்தியாவில் மழைக்காலம் வந்தால் குதிரை லாயங்களில் வைத்திருந்த பித்தளைத் தோட்டா உறைகள் தானாக வெடிப்பு விட்டன. காரணம் குதிரை மூத்திரத்திலிருந்து வந்த அம்மோனியா என்று 1921-இல்தான் புரிந்தது. காரைக்குடியில் இந்த மாதிரி அரிப்பையும் ஆராய்கிற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது, 1948-இல் நேரு அடிக்கல் நாட்டியது. ராக்கெட்டுக்குக் கிடைக்கிற கைதட்டலில் கால்வாசியாவது அரிப்பு ஆராய்ச்சிக்கும் கிடைக்க வேண்டும் என்பது என் கட்சி.

அடுத்தது விரலால் அழுத்தும் வால்வு. உள்ளே ஏறி இறங்கும் பிஸ்டனுக்கும் அதன் உறைக்கும் இடைவெளி தலைமுடியின் தடிமனைவிடக் குறைவு, எண்ணெய்ப் படலம்தான் அதை அடைக்கிறது. எண்ணெய் விட்டு, வால்வை அழுத்தாமல் அதன் ஸ்லைடைக் கொஞ்சம் வெளியே இழுத்துப் பிடித்து, சில வினாடி கழித்து வால்வை அழுத்துங்கள். 'டப்' என்று கேட்டால் நல்லது. கேட்காவிட்டால் காற்று கசிகிறது, பிஸ்டன் தேய்ந்திருக்கலாம். அதைச் சரிசெய்யும் செலவு ட்ரம்பெட்டின் விலையையே தாண்டிவிடக்கூடும்.

கடைசியாகச் சுருதி. ஏற்காட்டுக் குளிரில் இதைச் சோதிப்பதில் ஒரு பொறி இருக்கிறது. ஒலியின் வேகத்துக்கு மலையின் உயரம் பொருட்டே இல்லை, வெப்பநிலைதான் கணக்கு: 35 டிகிரியில் வினாடிக்குச் சுமார் 352 மீட்டர், 15 டிகிரியில் 340. குளிர்ந்த ட்ரம்பெட் அதனால் சுருதி இறங்கித்தான் ஒலிக்கும். பிரிட்டிஷ் பித்தளை பேண்டுகளோ 1960-கள் வரை, இன்றைய பொதுச் சுருதி அளவான 440 ஹெர்ட்ஸுக்குப் பதிலாக 452.5 ஹெர்ட்ஸை வைத்து வாசித்தன, கிட்டத்தட்ட அரை ஸ்வரத்தில் பாதி அதிகம். அந்தக் காலத்து 452.5 கருவியைக் காலைக் குளிரில் எடுத்து ஊதினால், ட்யூனர் செயலியில் 440-க்கு அருகே சமர்த்தாக நிற்கக்கூடும், சேலத்துக்குக் கொண்டு வந்து கல்யாண மண்டபத்தில் கீபோர்டோடு சேர்ந்து வாசிக்கும்போதுதான் குட்டு வெளிப்படும். கால் மணி நேரம் ஊதிச் சூடாக்கிய பிறகு ட்யூனரைப் பாருங்கள். அப்போதும் மேலே நின்று, பெரிய ஸ்லைடை முழுக்க இழுத்தும் இறங்காவிட்டால், 12,000 வேண்டாம், அது பேண்டு செட்டுக்கு உதவாது.